நரம்பியல் தீவிர சிகிச்சை: ஓராண்டுப் பயிற்சியா, மூன்றாண்டுப் பட்டமா?

கேள்வி: என் சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். எம்.பி.பி.எஸ்., எம்.டி. மயக்கவியல் இரண்டையும் தமிழ்நாட்டில் முடித்தேன். கணவருக்குப் பெங்களூருவில் வேலை என்பதால் இரண்டு ஆண்டுகளாக இங்கே ஒரு தனியார் மருத்துவமனையின் பொது ஐசியுவில் பணியாற்றுகிறேன். தலைக்காயம், பக்கவாதம், நிற்காத வலிப்பு என்று வருகிற நோயாளிகளிடம்தான் எனக்கு ஈடுபாடும் அதிகம், தடுமாற்றமும் அதிகம். நரம்பியல் தீவிர சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற விரும்புகிறேன். ஓராண்டு ஃபெலோஷிப் செய்வதா, மூன்று ஆண்டு டி.எம். என்ற உயர்சிறப்புப் பட்டம் படிப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. ‘பட்டமே இல்லாத படிப்புக்கு ஒரு வருடத்தை ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று மாமனார் கேட்கிறார். நரம்பியல் படித்தவர்கள் நடுவில் மயக்கவியல் படித்தவளுக்கு என்ன இடம் கிடைக்கும் என்ற தயக்கமும் உண்டு. இதற்கிடையே ஒரு மருத்துவமனை, அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட்டுச் சேர்ந்தால் ஓராண்டு முடிவில் ஃபெலோஷிப் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறது. எனக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வழிகாட்டுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத மருத்துவர், பெங்களூரு

பதில்:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்ப்போம். நீங்கள் இந்தத் துறைக்கு வாருங்கள். உங்கள் சூழலில் ஓராண்டு ஃபெலோஷிப்பில் தொடங்குவதே பொருத்தம்; அதனால் டி.எம். படிப்புக்கான வாய்ப்பு கைநழுவிவிடாது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் சேர வேண்டாம். வேறு எந்த இடமாக இருந்தாலும், நோயாளியை நீங்கள் பரிசோதிக்கும்போது பக்கத்தில் நின்று உங்கள் தவற்றைத் திருத்த ஒருவர் இருக்கிறாரா என்பதை வைத்தே முடிவு செய்யுங்கள். கருவிகள், கட்டடம், சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தடுமாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் திறமைக் குறைவால் வருவதில்லை. பொது ஐசியுவில் நாம் பழகிக்கொள்ளும் நல்ல பழக்கங்களிலேயே சில, மூளை பாதிக்கப்பட்டவரின் படுக்கையருகே தீங்காகிவிடுகின்றன. நுரையீரல் பழுதான ஒருவருக்கு வென்டிலேட்டரில் சிறு சிறு மூச்சாகக் கொடுத்து, ரத்தத்தில் கரியமில வாயு சற்று ஏறினாலும் பொறுத்துக்கொள்கிறோம். நுரையீரலைக் காக்க அதுதான் வழி. ஆனால் அந்தக் கரியமில வாயு மூளையின் ரத்தக்குழாய்களை விரிக்கும். ஏற்கெனவே வீங்கிப்போன மூளைக்கு அந்தக் கூடுதல் ரத்தமே சுமையாகிவிடும். சரி, வேகமாக மூச்சுக் கொடுத்துக் கரியமில வாயுவை இறக்கிவிடலாம் என்றால், குழாய்கள் சுருங்கி மூளை ரத்தமின்றித் தவிக்கும். ரத்த அழுத்தமும் அப்படித்தான். மூளைக்குள் ரத்தம் கசிந்தவருக்கு மேலழுத்தத்தை 140 அளவில் நிறுத்தப் பார்க்கிறோம். ரத்தக்குழாய் அடைத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தும் கொடுக்க முடியாதவருக்கு 220 வரை போனாலும் பொதுவாகக் கை வைப்பதில்லை. குழாய்ப்புடைப்பு (மூளை ரத்தக்குழாயில் பலூன் போல ஏற்படும் வீக்கம்) வெடித்து, அதற்குச் சிகிச்சையும் முடிந்து, பிறகு குழாய்கள் இறுகத் தொடங்கியவருக்கோ நாமே அழுத்தத்தை ஏற்ற வேண்டியிருக்கும். மூவருக்கும் ‘பக்கவாதம்’ என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது.

இதற்கெல்லாம் அடிப்படை, மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி என்பதுதான். வளர்ந்த ஒருவருக்கு உள்ளே ஏறத்தாழ 1400 மில்லி மூளையும், ரத்தமும் மூளைத்தண்டுவட நீரும் ஒவ்வொன்றும் 150 மில்லி போலவும் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று இடம்விட வேண்டும். விட இடமில்லாத கட்டத்தில் உள்ளழுத்தம் கிடுகிடுவென ஏறும். தலைக்காயத்துக்கான 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உள்ளழுத்தம் 22 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிகிச்சை தேவை என்றும், சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைக்கும் மூளை ஊட்டழுத்தம் 60 முதல் 70க்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த எண்களை நீங்கள் ஒரே மாலையில் படித்துவிடலாம். அதே அழுத்தத்தை ஒருவரின் மூளை தாங்கும், இன்னொருவரின் மூளை தாங்காது. எதிரே படுத்திருப்பவர் இவ்விருவரில் யார் என்று கண்டுகொள்ளத்தான் ஓராண்டு வேண்டும்.

மயக்கவியல் படித்தவளுக்கு என்ன இடம் என்று கேட்டீர்கள். 1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தபோது, அங்கே அழைக்கப்பட்டவர் பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர். கிருமி மூளையையே அழித்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பலரும் நினைத்திருந்த வேளையில், இவர்கள் மூச்சுவிட முடியாமல் கரியமில வாயு தேங்கித்தான் இறக்கிறார்கள் என்று அவர் சொன்னார். 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையை அழுத்திக் கையாலேயே மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அதன் பின் மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறைவைத்து, இரவு பகலாகப் பையை அழுத்தி நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டே இப்சன் தனித் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். நரம்பு நோயாளியின் மூச்சைப் பிடித்து வைப்பதில்தான் தீவிர சிகிச்சை என்ற துறையே பிறந்தது. அதைச் செய்தது உங்கள் துறை. நரம்பியல் படித்தவர் மூளையின் எந்தப் பகுதியில் கோளாறு என்று உங்களைவிட விரைவாகச் சொல்வார். மூச்சுக்குழாய், ரத்த ஓட்டம், மயக்க மருந்து ஆகியவற்றில் உங்கள் கை அவரைவிடத் தேர்ந்தது. நல்ல பிரிவுகளில் இருவரும் ஒரே படுக்கையருகே நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். இந்தியாவில் இத்துறைக்கான சங்கம் 1999இல் தொடங்கியபோது பெயரிலேயே நரம்பியல் மயக்கவியலையும் தீவிர சிகிச்சையையும் சேர்த்து வைத்துக்கொண்டது.

இனி, வழிகள். பெங்களூருவில் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆகிய நிறுவனங்களில், மயக்கவியல் முதுநிலை முடித்தவர்கள் நரம்பியல் மயக்கவியல், தீவிர சிகிச்சைத் துறையில் மூன்றாண்டு டி.எம். படிக்கலாம், அதற்கு ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நிம்ஹான்ஸில் முதுநிலைக்குப் பிந்தைய ஓராண்டு ஃபெலோஷிப்பும் உண்டு. தகுதி விதிகளையும் இடங்களின் எண்ணிக்கையையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும். நண்பர்கள் வாய்வழியாகச் சொல்வதை நம்பி ஓர் ஆண்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. டி.எம். என்பது தேசிய மருத்துவ ஆணையம் ஏற்கும் பட்டம். ஃபெலோஷிப் பெரும்பாலும் அந்த வரிசையில் வராது. மருத்துவக் கல்லூரியில் இத்துறையின் ஆசிரியராக வேண்டும், துறைத் தலைவராக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் இன்றோ நாளையோ டி.எம். படித்தே ஆக வேண்டும். ஆனால், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது பதவியைப் பற்றியன்று. படுக்கையருகே தடுமாறாமல் நிற்பதைப் பற்றி. அதற்கு, சரியான இடத்தில் கழிக்கும் ஓராண்டு போதும் என்பது என் கருத்து. அந்த ஓராண்டு முடிந்த பிறகும் டி.எம். வேண்டும் என்று தோன்றினால், அப்போது மகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பாள். எதற்காகப் படிக்கப் போகிறோம் என்பதும் உங்களுக்குத் தெளிவாக இருக்கும். வெளிநாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் யாராவது உங்களிடம் பேச்செடுப்பார்கள் என்பதால் ஒரு வரி: அமெரிக்காவில் இத்துறைக்கென 2018இல் பல வாரியங்கள் சேர்ந்து தனிச் சான்றுத் தேர்வை ஏற்படுத்தும் முடிவு வந்தது, அங்கே நோயாளிகளைத் தொட்டுச் சிகிச்சை தருவதற்குள் கடக்க வேண்டிய தேர்வுகள் ஏராளம். நான்கு வயதுக் குழந்தையோடு இப்போது எண்ண வேண்டிய வழி அதுவன்று.

ஓர் இடம் சரியான இடமா என்று எப்படிக் கண்டறிவது? நிறையப் பேர் முதலில் கேட்பது, ‘மண்டையோட்டு உள்ளழுத்தம் அளக்கும் கருவி இருக்கிறதா, மூளையின் மின்னலைகளை விடாமல் பதியும் தொடர் இ.இ.ஜி. இருக்கிறதா, மூளையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் இருக்கிறதா?’ என்பதுதான். இருந்தால் நல்லது. ஆனால் பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் கடும் தலைக்காயம் பட்ட 324 பேரிடம் நடந்து, 2012இல் வெளியான ஆய்வொன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளழுத்தத்தைக் கருவியால் அளந்து சிகிச்சை தந்த குழுவையும், திரும்பத் திரும்பப் பரிசோதித்தும் ஸ்கேன் எடுத்தும் சிகிச்சை தந்த குழுவையும் ஒப்பிட்டார்கள். ஒரு குழு மற்றதைவிட மேலாக அமையவில்லை. கருவி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஒழுங்காக, மணிக்கொரு முறை, கவனத்தோடு செய்யும் பரிசோதனைக்குக் கருவிக்கு நிகரான வலு இருக்கக்கூடும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே நீங்கள் அங்கே போய்க் கேட்க வேண்டியது, இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் நிலை மாறினால் பயிற்சி மருத்துவர் யாரை அழைப்பார், அவர் போனில் சொல்வாரா, நேரில் வருவாரா என்பதுதான். இதை நிர்வாக அலுவலகத்தில் கேட்காதீர்கள். அப்போது அங்கே பயிற்சியில் இருப்பவரிடம், முடிந்தால் அவர் இரவுப் பணி முடித்து வெளியே வரும் வேளையில், கேளுங்கள்.

நோயாளிகளின் வகையையும் பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஓரிரவு கண்காணிப்புக்காக வருபவர்களே நிறைந்த பிரிவில் ஓராண்டு இருந்தால் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள். தலைக்காயம், குழாய்ப்புடைப்பு வெடித்தவர்கள், பெரிய பக்கவாதம், மூளைக்காய்ச்சல், நிற்காத வலிப்பு, தசைகளைத் தளரச் செய்யும் கில்லன்-பாரே, மயஸ்தீனியா என எல்லாம் வர வேண்டும். கில்லன்-பாரே நோயாளி ஒருவரின் மூச்சு தளர்வதை நீங்கள் ஒரு தடவையாவது கண்ணால் கண்டிருக்க வேண்டும். விரலில் மாட்டிய கருவி 98 காட்டிக்கொண்டே இருக்கும். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னால் காலையில் 30 வரை போனவர் மாலையில் 14இல் நின்றுவிடுவார். குழாய் போட வேண்டுமா என்ற முடிவுக்கு அந்த எண்ணிக்கை துணை நிற்கும். ஆக்சிஜன் அளவு குறையட்டும் என்று காத்திருந்தவர்கள் நள்ளிரவில் ஓடியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போன நோயாளிகளை மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவு உண்டா, அதில் உங்களை உட்கார வைப்பார்களா என்றும் கேளுங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். ஐசியுவில் மட்டுமே இருப்பவர்கள், தாங்கள் காப்பாற்றியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அறியாமலே எதிர்காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் நின்று திருத்துவது என்றேன்; அது எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியைச் சொல்கிறேன். மூளைக் கட்டி அறுவை முடிந்து இரண்டாம் நாள் இருந்த ஒருவருக்கு வலது கண்பாவை மட்டும் அகலமாக விரிந்து, ஒளிக்குச் சுருங்காமல் இருப்பதைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் கண்டார். பயந்துபோய், மூளை வீக்கத்தைக் குறைக்கும் மன்னிடால் மருந்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டு ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அங்கே வந்த மூத்த மருத்துவர், விளக்கை அணைக்காமல், அவசரப்படாமல், நோயாளியிடம் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். இட்லி என்று அவர் பதில் சொன்னார். மூளை பிதுங்கி நரம்பை அழுத்துமளவு வீங்கியிருந்தால் இவர் இட்லியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார் என்றார் அந்த ஆசிரியர். பிறகு படுக்கையின் தலைமாட்டில் தொங்கிய நெபுலைசர் முகமூடியை எடுத்து நோயாளியின் முகத்தில் வைத்துக் காட்டினார்; வலது மூக்கோரம் பொருந்தாமல் இடைவெளி இருந்தது. கண்பாவையை விரிக்கக்கூடிய இப்ராட்ரோபியம் மருந்தின் ஆவி அந்த வழியே ஏறிக் கண்ணில் பட்டிருந்தது. மன்னிடால் நிறுத்தப்பட்டது, மறுநாள் கண்பாவை தானே பழைய நிலைக்கு வந்தது. இதே விரிவு, மயக்கம் ஆழ்ந்துகொண்டிருக்கும் நோயாளியிடம் தெரிந்திருந்தால், அதே ஆசிரியர் ஸ்கேனுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்கியிருப்பார். இரண்டையும் பிரித்தறிய அவர் கையில் டார்ச் விளக்கைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

அடுத்ததாக நான் சொல்லப்போவது என் தவறு. நான் பயிற்சியில் இருந்தபோது, கட்டுமான வேலையில் சாரத்திலிருந்து விழுந்த ஒருவரை எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கமிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். கூட வந்தவர் மேஸ்திரி. அவர் கொடுத்த முகவரி வேலை நடந்த இடத்தினுடையது. மூச்சுக்குழாய் போட்டிருந்ததால் நோயாளி பேச வழியில்லை. மயக்க மருந்தைக் குறைத்து நானும் செவிலியர்களும் மணிக்கொரு முறை, நினைவு நிலையை எண்ணால் குறிக்கும் கிளாஸ்கோ அளவைப் பார்த்தோம். ‘கண்ணு பிடி’ என்றோம். கன்னடத்தில் அதற்குக் கண்ணைத் திற என்று பொருள். கையைத் தூக்கும்படி கன்னடத்திலும் இந்தியிலும் சொன்னோம். அவர் தூக்கவில்லை, வலிக்கும்படி அழுத்தினால் கையைக் கொண்டுவந்து தட்டிவிட்டார். அசைவுக்கு 5 என்று எழுதினேன். இரண்டு நாளும் 5தான். இரண்டாம் நாள் மாலை ஊரிலிருந்து அவருடைய தம்பி போனில் அழைத்தார்; காலையில் வந்துவிடுவதாகச் சொன்னார். ‘பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்’ என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னோடு பேசியது தமிழில். நானும் தமிழில்தான் பதில் சொன்னேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, ஸ்ரீராம்புரத்துக்காரர், வாசலில் நின்ற தம்பியிடம் ஊர்ப்பேச்சுப் பேசிவிட்டு உள்ளே வந்தவர், என்னைக் கேட்காமலே கட்டிலருகே குனிந்து, ‘அண்ணா, ராயக்கோட்டையிலிருந்து உங்க தம்பி வந்திருக்காரு. கையைத் தூக்குங்க பார்க்கலாம்’ என்றார். நோயாளியின் இடது கை மெத்தையிலிருந்து ஒரு சாண் உயரம் எழுந்தது. மீண்டும் சொல்லச் சொன்னேன், மீண்டும் எழுந்தது. இரண்டு நாளாகவே, சொன்னதைக் கேட்கும் நிலையில்தான் அவர் இருந்திருக்கிறார். அவருக்குப் புரியும் மொழியில் நாங்கள்தான் சொல்லவில்லை. அரை மயக்கத்தில் இருக்கும் தமிழ்க் காதுக்குக் ‘கண்ணு பிடி’ என்பது என்னவாகக் கேட்டிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். பக்கவாட்டில் நின்று, ‘இவருக்கு எந்த மொழி தெரியும் என்று விசாரித்தாயா?’ என்று என்னைக் கேட்க அந்த இரண்டு நாளில் ஒருவர் இருந்திருந்தால், ஒரு குடும்பம் ஓரிரவு முழுவதும் அழுதுகொண்டிருந்திருக்காது. அவர் பிழைத்தார். ஆறு மாதம் கழித்து வந்தபோது நடந்தார், சிரித்தார்; மறதி இருந்தது, சாரத்தில் ஏறும் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1974இல் டீஸ்டேல், ஜென்னெட் என்ற மருத்துவர்கள் கிளாஸ்கோ அளவைத் தந்தபோது, யார் பரிசோதித்தாலும் ஒரே எண் வர வேண்டும் என்பதே நோக்கம். பெங்களூருவில் அந்த எண் மொழியைப் பொறுத்து மாறும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று நம் பக்கத்திலிருந்து நாள்தோறும் இங்கே நோயாளிகள் வருகிறார்கள். வங்காளமும் ஒடியாவும் மட்டுமே தெரிந்தவர்களும் வருகிறார்கள். நீங்கள் எங்கே சேர்ந்தாலும், கேஸ் தாளின் முதல் வரியில் நோயாளியின் தாய்மொழியை எழுதும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். கன்னடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே குடியிருப்பவருக்கு அது வேலைக்கும் மரியாதைக்கும் தேவை.

குடும்பத்தாரிடம் பேசுவதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கற்றுத் தரும் இடமா என்றும் பாருங்கள். முதல் நாளிலேயே ‘நம்பிக்கை இல்லை’ என்று சொன்னால், உறவினர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துப் போய்விடுவார்கள், நோயாளி இறந்துபோவார், நாம் சொன்னது பலித்துவிட்டதாகக் கணக்கில் சேரும். அதனால்தான் மூளை ரத்தக்கசிவில், குறைந்தது இரண்டாவது முழுநாள் வரை சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் புதிய முடிவுகளைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். இதயம் நின்று மீண்டவர்களிடம் எதிர்காலத்தைக் கணிக்கக் குறைந்தது 72 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். அதே சமயம் பொய்யான நம்பிக்கையும் தரக்கூடாது. உள்ளழுத்தம் மருந்துக்கு அடங்காதபோது மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடும் அறுவையைப் பற்றிய 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அறுவைக் குழுவில் 26.9 சதவீதம், மருந்துக் குழுவில் 48.9 சதவீதம். ஆனால் உணர்வற்ற நிலையிலேயே தங்கிவிட்டவர்கள் அறுவைக் குழுவில் 8.5 சதவீதம், மற்றதில் 2.1 சதவீதம். ‘உயிரைக் காப்பாத்திடுங்க டாக்டர்’ என்று கும்பிடும் ஒரு தாயிடம் இந்த இரண்டு வரிசை எண்களையும் அவருக்குப் புரியும் சொற்களில், அவசரமில்லாமல், உட்கார்ந்த நிலையில் சொல்லத் தெரிய வேண்டும். இதைப் புத்தகம் கற்றுத் தராது. மூத்தவர் ஒருவர் பேசும்போது பத்து முறை கூடவே உட்கார்ந்திருந்து, பதினோராவது முறை நீங்கள் பேச, அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மூளைத்தண்டுச் சாவை உறுதி செய்யும் பொறுப்பிலும் உங்களுக்குப் பங்கு இருக்கும். 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும். மூச்சு தானாக வருகிறதா என்று பார்க்கும் கடைசிச் சோதனையை ஆக்சிஜன் குறையாமல், ரத்த அழுத்தம் விழாமல் செய்து முடிப்பதற்கு மயக்கவியல் படித்தவரின் கை பெரிதும் உதவும். உறுப்பு தானத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் பேசும் இடத்தில் பயிலாதீர்கள்.

சான்றிதழ் கேட்கும் மருத்துவமனைக்கு வருகிறேன். அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவது முறை. வாங்கிப் பூட்டி வைப்பது, நீங்கள் நடுவில் போய்விடக்கூடாது என்பதற்காக. போய்விடுவார்களோ என்று முதல் நாளே அஞ்சும் இடத்தில் கற்பிப்பதற்கு என்ன இருக்கும் என்று யோசியுங்கள். அவர்கள் தரும் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமோ சங்கமோ ஏற்கிறது, பாடத்திட்டம் எழுத்தில் உண்டா, முடிவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் தேர்வு வைப்பாரா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இரவுப் பணிக்கு ஆள் தேவைப்படும் இடங்கள் அந்த வேலைக்கு ஃபெலோஷிப் என்று பெயர் சூட்டுவது நம் ஊரிலும் நடக்கிறது. அந்த வேலை தாழ்ந்ததன்று. ஆனால் அதற்கு முழுச் சம்பளம் தர வேண்டும்.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். அந்த ஓராண்டில் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். மாதத்தில் பல இரவுகள் வெளியே இருப்பீர்கள். மாமனாரிடம் பட்டத்தைப் பற்றி வாதிடுவதைவிட, இந்த ஓராண்டுக்குக் குழந்தையை யார் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, இரவில் யார் உடனிருப்பது என்று கணவரோடு உட்கார்ந்து நாள்வாரியாக எழுதிவிட்டு அவர்களிடம் காட்டுங்கள். பெரியவர்களின் எதிர்ப்பில் பெரும்பகுதி குழந்தையைப் பற்றிய கவலையாகத்தான் இருக்கும். பணிபுரியும் இடத்துக்கு அருகே, முடிந்தால் அரை மணி நேரத்தில் வந்து சேரும் தூரத்தில், வீடு பாருங்கள். இரவுப் பணி முடித்துச் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்பவருக்கு மகளோடு பேசத் தெம்பிருக்காது.

அறிவிப்பு வருவதற்குள் செய்ய வேண்டியவை சில உண்டு. முதல் ஒரு மணி நேரத்தில் நரம்பியல் அவசரங்களைக் கையாளுவதற்கென நடத்தப்படும் இ.என்.எல்.எஸ். பயிற்சியை முடித்துவிடுங்கள். இப்போது பணிபுரியும் ஐசியுவில் உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், மூளை நோய் இல்லாதவருக்கும்கூட, பணி தொடங்கும்போதும் முடியும்போதும் கண்பாவை, கை கால் அசைவு, சொன்னதைக் கேட்கிறாரா என்பதை நீங்களே பார்த்துக் கைப்பட எழுதுங்கள். பிறகு, நீங்கள் விரும்பும் பிரிவின் தலைவருக்குக் கடிதம் எழுதி, ஒரு வாரம் பார்வையாளராக இருக்க அனுமதி கேளுங்கள். அந்த வாரத்தில் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். விடியற்காலை நான்கு மணிக்குச் செவிலியர் ஒருவர் ‘டாக்டர், இவர் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறார்’ என்று கூப்பிடும்போது எழுந்து போகிறவர் யார், எவ்வளவு நேரம் அந்தக் கட்டிலருகே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவ ஆலோசகர்